தோலில் ஊமை, வச்சிரத்தில் பேச்சு

சோளிங்கரிலிருந்து வாலாஜா வழியாக ராணிப்பேட்டைக்கு வந்து, அங்கிருந்து மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியே போனால் வழியெல்லாம் டேனரிகள். குரோம் ஏற்றிய தோல் பதம் வந்துவிட்டதா என்று பார்க்க இந்தத் தொழிலில் பழைய சோதனை ஒன்று உண்டு. தோலின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டுவார்கள். தாளில் வைத்து அதைச் சுற்றிக் கோடு போடுவார்கள். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, மறுபடியும் அதே கோட்டின் மேல் வைப்பார்கள். துண்டு கோட்டை நிறைத்தால் பதம் சரி. சுருண்டு சிறுத்தால் குரோம் உள்ளே சரியாக இறங்கவில்லை. பச்சைத் தோலாக இருந்தால் 60, 65 டிகிரி சூட்டிலேயே சுருண்டுவிடும். சுருளுவது எது? தோலின் பெரும்பகுதியாக இருக்கும் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் கயிறாக முறுக்கிக்கொண்டிருப்பதுதான் கொலாஜன். சூடு ஏறினால் முறுக்கு அவிழ்கிறது. அவிழ்ந்ததை மேலும் காய்ச்சி எடுத்தால் தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்திய வச்சிரம். சுத்தமாக எடுத்தால் மாத்திரைக் கூட்டுக்கும் ஜெல்லிக்கும் போகிற ஜெலட்டின். காய்ச்சும்போது இழை ஆங்காங்கே அறுபடலாம், ஆனால் அதில் கோத்திருக்கும் எழுத்துகளின் வரிசை மாறுவதில்லை. மாறியது முறுக்குதான். அந்த ஒரு வித்தியாசம் புரத உயிரியலின் ஒரு பெரிய சிக்கலைத் திறந்து காட்டுகிறது.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சரம். ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டால், ஒரு புரதம் சில நூறு எழுத்து நீளமுள்ள வாக்கியம். அந்த நீளத்துக்குள் மூன்று முதல் பத்து எழுத்து வரை உள்ள சிறு துண்டுகள் சில, தனித்தனி வேலை செய்கின்றன: இங்கே வெட்டு, இதை அழி, இதன்மேல் ஒட்டிக்கொள், இதை அறையை விட்டு வெளியே விடாதே. உயிரியலாளர்கள் இவற்றை மோட்டிஃப் என்பார்கள். நாம் குறுந்தொடர் என்று சொல்லலாம். கண்டறியப்பட்ட குறுந்தொடர்களைத் திரட்டி வைக்கும் தரவுத்தளங்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவை அகராதி போலத் தோன்றும்: சொல்லைத் தேடு, பொருளை எடு. இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. குறுந்தொடரின் பொருள் அதன் எழுத்துகளில் இல்லை. அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. ஆகவே இந்தத் தரவுத்தளங்களின் மதிப்பு, அவற்றில் உள்ள எழுத்துப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் ஒருவர் படித்துப் பார்த்து எழுதிவைத்த சாட்சியத்தில் இருக்கிறது. அந்தப் படிப்பு வேலையைத்தான் நாம் குறைத்து மதிக்கிறோம்.

கொலாஜனின் முறுக்கைக் கண்டுபிடித்த ஊர் சென்னை. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரனிடம், ஊருக்கு வந்திருந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொன்னார். பக்கத்திலேயே, அடையாற்றில், 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ்-கதிரில் வைத்துப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-லும் 1955-லும் நேச்சர் இதழில் மூவிழை முறுக்கை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த முக்கியமான துப்பு ஓர் எண். கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பது வேதியியல் பகுப்பாய்வில் தெரிந்திருந்தது. மூன்று இழைகள் நெருக்கி முறுக்கினால் நடு அச்சைப் பார்த்து நிற்கிற மூன்றாவது எழுத்துக்கு இடமே இருக்காது; பக்கக் கிளையாக ஒற்றை ஹைட்ரஜன் அணுவை மட்டும் வைத்திருக்கும் கிளைசின்தான் அங்கே பொருந்தும். சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படிகள் என்றால், தோல் கொலாஜனின் முறுக்கிய இழைக்கு 1014 எழுத்துகள், மூன்றாம் படிதோறும் கிளைசின். வரிசை முழுவதும் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, எழுத்தையும் இடத்தையும் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த விடை இது. ரிச், கிரிக் என்ற இரு விஞ்ஞானிகள் உடனே மறுப்பு எழுதினார்கள்: முறுக்கு சரி, ஆனால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று. எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்தக் கேள்வியைத் துரத்திப் போனதில்தான் 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது. அந்த மூன்றாம் படியில் ஒரே ஒரு கிளைசின் மாறினால் போதும், எலும்பு சட்டென முறியும் நோயோடு குழந்தை பிறக்கலாம். அதே கிளைசின் வேறொரு புரதத்தில் வேறோர் இடத்தில் மாறினால் எதுவுமே நடக்காமலும் போகலாம்.

இப்போது மூன்று எழுத்துக் குறுந்தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம். எழுத்தில் ஆர்-ஜி-டி. செல்களைத் தரையோடு பிடித்துவைக்கும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தில் இந்தத் துண்டுதான் பிடிப்புக்குக் காரணம் என்று 1984-இல் பியர்ஷ்பாகரும் ரூஸ்லாட்டியும் காட்டினார்கள். செல்லின் மேல் உள்ள இன்டெக்ரின் என்ற கை இதைப் பற்றிக்கொள்கிறது. நல்ல செய்தி, இனி எல்லாப் புரதங்களிலும் ஆர்-ஜி-டி தேடினால் செல் ஒட்டும் இடங்கள் எல்லாம் கிடைத்துவிடுமே என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மனிதனுக்குச் சுமார் 20,000 புரதங்கள், சராசரி 500 எழுத்து என்றால் மொத்தம் ஒரு கோடி எழுத்து. 20 எழுத்துகளும் சம வாய்ப்பில் வந்தால் ஒரு குறிப்பிட்ட மூன்றெழுத்து 8,000 இடங்களுக்கு ஒரு முறை வரும். அதாவது எந்தக் காரணமும் இல்லாமல், தற்செயலாகவே 1,250 ஆர்-ஜி-டிகள் கிடைக்கும். இன்டெக்ரினைப் பிடிப்பதாகச் சோதனையில் உறுதியானவை இந்த எண்ணிக்கையில் சிறு பங்குதான். மற்றவை செல்லுக்கு உள்ளேயே அடைந்து கிடப்பவை, அல்லது புரதம் மடியும்போது உள்ளே புதைந்துபோனவை. கையே எட்டாத இடத்தில் பிடி இருந்து என்ன பயன்?

கொலாஜனிலேயே ஆர்-ஜி-டி இருக்கிறது. ஆனால் முறுக்கு குலையாத கொலாஜனில் அது ஊமை; மூன்று இழைகளின் நெருக்கத்தில் இன்டெக்ரினின் கைக்கு ஏற்ற வடிவில் அது நிற்பதில்லை. சூட்டாலோ காயத்தாலோ முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆனதும் அதே மூன்றெழுத்து பேச ஆரம்பிக்கிறது. இன்டெக்ரின் வகைகளில் ஒன்று அவிழ்ந்த கொலாஜனை இந்த ஆர்-ஜி-டி வழியாகவே பிடிக்கிறது என்று 1992-இல் காட்டப்பட்டது. காயம்பட்ட இடம் இது என்று செல்லுக்குத் தெரிவிக்கும் வழியாகவும் இதைக் கருதலாம். எழுத்து மாறவில்லை, தோலில் ஊமையாக இருந்தது வச்சிரத்தில் பேசுகிறது. எழுத்தை மட்டும் குறித்துவைத்த பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருக்கும், அந்தப் பதில் இரண்டில் ஒன்றுக்குத் தவறாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் தோலிலிருந்தே வருகிறது. 1960-களில் பெல்ஜியத்தில் சில மாட்டுக் கன்றுகளின் தோல் தொட்டால் கிழிகிற அளவுக்கு நைந்திருப்பதைக் கண்டார்கள். டெர்மடோஸ்பராக்சிஸ் என்று அதற்குப் பெயர். காரணம் 1971-இல் தெரிந்தது. செல் கொலாஜனைத் தயாரிக்கும்போது இரண்டு முனையிலும் ஒரு தொங்கலோடுதான் வெளியே விடுகிறது. முன்முனைத் தொங்கலை ஒரு நொதி வந்து வெட்டினால்தான் இழைகள் ஒழுங்காக அடுக்கிக் கயிறாகும். அந்தக் கன்றுகளில் வெட்டும் நொதி இல்லை. இன்று அதற்கு அடம்ட்ஸ்-2 என்று பெயர். ஒரு வகை இழையில் புரோலினுக்கும் குளூட்டமினுக்கும் இடையில், அதாவது வெறும் இரண்டெழுத்துக்கு நடுவில் வெட்டுகிறது. இந்த இரண்டெழுத்து எல்லாப் புரதத்திலும் இறைந்து கிடக்கிறது. அப்படியானால் மற்ற இடங்களில் ஏன் வெட்டவில்லை? இந்த நொதி மூவிழை முறுக்கு குலையாத கொலாஜனை மட்டுமே வெட்டும். சூடாக்கி அவிழ்த்துவிட்டால் அதே இரண்டெழுத்தைத் தொடாது. ஆர்-ஜி-டிக்கு முறுக்கு அவிழ வேண்டும். இதற்கு முறுக்கு இருந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே விதியில் அடக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் யார், எந்தப் புரதத்தில், எந்த நிலையில், எந்தச் சோதனையில் பார்த்தார் என்ற குறிப்பு வேண்டும்.

இன்னொரு சிக்கல், எழுத்தே பட்டியலில் இல்லாமல் போவது. குலையாத கொலாஜனைச் செல்கள் பிடிக்கும் உண்மையான இடம், கேம்பிரிட்ஜில் கண்டறியப்பட்ட ஆறெழுத்து ஒன்று: கிளைசின், ஃபினைல்அலனின், ஹைட்ராக்சிபுரோலின், கிளைசின், குளூட்டமிக் அமிலம், ஆர்ஜினின். இதில் மூன்றாவதாக வரும் ஹைட்ராக்சிபுரோலினுக்கு மரபணுவில் எழுத்தே கிடையாது. மரபணு வெறும் புரோலின் என்றுதான் சொல்லும். செல்லுக்குள் ஒரு நொதி பின்னால் வந்து, வைட்டமின் சி துணையோடு, ஆக்சிஜனை ஏற்றுகிறது. வைட்டமின் சி கிடைக்காத பழைய மாலுமிகளுக்கு ஈறு கரைந்து பல் ஆடியது இந்த வேலை நின்றுபோனதால்தான். மரபணு வரிசையை மட்டும் வைத்துத் தேடுகிற கணினிக்கு இந்தக் குறுந்தொடர் கண்ணில் படாது. ஆக்சிஜன் ஏற்றும் அந்த நொதியின் ஒரு பாதிப் புரதம் கே-டி-ஈ-எல் என்று முடிகிறது. இது 1987-இல் மன்ரோவும் பெல்ஹாமும் கண்டுபிடித்த குறுந்தொடர். செல்லின் புரதப் பட்டறையை விட்டு வெளியே போகாதே என்று பொருள். கொலாஜனைக் கைபிடித்து மடிக்க உதவும் எச்எஸ்பி-47 என்ற புரதம் ஆர்-டி-ஈ-எல் என்று முடிகிறது. அதற்கும் அதே கட்டளை. இந்த நான்கெழுத்து சரத்தின் கடைசியில் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். நடுவில் வந்தால் அது எந்தக் கட்டளையும் இல்லாத நான்கு எழுத்துகள்.

இந்த நுணுக்கங்களை ஒரு தரவுத்தளம் எப்படிப் பிடித்துவைக்கிறது? முதல் பெரிய முயற்சி, ஸ்விட்சர்லாந்தின் ஆமோஸ் பேரோக் 1980-களின் இறுதியில் தொடங்கிய புரோசைட். தற்செயலாக எங்கும் கிடைக்கக்கூடிய மிகச் சின்ன வடிவங்களுக்கு, இது அடிக்கடி வரும், நம்பி முடிவெடுக்காதே என்ற எச்சரிக்கைக் கொடியை அதுவே கட்டிவைத்தது. இன்று இந்தத் துறையின் முதன்மைத் தொகுப்பு 2003-இல் வெளியான எல்ம்; ஹைடல்பெர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் டோபி கிப்சன் குழு தொடங்கியது. வெட்டு, அழிப்பு, இருப்பிடம், மாற்றம், பிடிப்பு, நொதி வந்து தங்கும் இடம் என்று ஆறு வகை. ஒரு பதிவை நெருங்கிப் பார்க்கலாம். கே-டி-ஈ-எல் வகைக்கான வடிவத்தின் கடைசியில் ஒரு டாலர் குறி இருக்கும். சரம் இங்கே முடிய வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். கூடவே, எந்த உயிரினங்களில் இது செல்லும், செல்லின் எந்த அறையில் பொருள்படும் என்ற வரம்புகள். அதன்கீழ் ஒவ்வொரு உண்மையான நிகழ்வும் தனி வரி: புரதத்தின் பெயர், எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனையாவது வரை, எந்த ஆய்வுக் கட்டுரை, அதில் செய்த சோதனை என்ன. கடைசியாக ஒரு முத்திரை: உறுதியானது, தவறாகச் சொல்லப்பட்டது, இல்லை என்று நிரூபிக்கப்பட்டது, தெரியாது. இங்கே வேலை செய்யவில்லை என்று ஒருவர் உட்கார்ந்து பதிவு செய்வது எந்த இதழிலும் தலைப்புச் செய்தி ஆகாது. 1,250 போலிகளுக்கு நடுவில் தேடுகிறவருக்கு அதைவிட உதவியான வரியும் கிடையாது.

இதற்கு முதல் ஆட்சேபம் எண்ணிக்கை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்து, கேம்பிரிட்ஜ் வழியாக இன்று அமெரிக்காவில் பணிபுரியும் எம். மதன் பாபுவும் கிப்சனும் இன்னும் இருவரும் 2014-இல் எழுதிய கட்டுரை, மனிதப் புரதங்களில் குறுந்தொடர்கள் பத்து லட்சம் அளவுக்கு இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. எல்ம் இருபது ஆண்டுக்கும் மேல் உழைத்துச் சேர்த்தது முந்நூற்றுச் சொச்சம் வகைகள், ஏறத்தாழ நாலாயிரம் நிகழ்வுகள். கடலில் ஒரு செம்பு மொண்டது போலத்தானே இது? உண்மைதான். ஆனால் பத்து லட்சம் என்ற மதிப்பீடே இந்தச் செம்புத் தண்ணீரை அளந்து பார்த்து வந்தது. எண்ணிக்கை குறைவு என்பது வேலையை வேகப்படுத்தச் சொல்கிற வாதம். சாட்சியம் வேண்டாம் என்கிற வாதம் ஆகாது. சாட்சியம் இல்லாத ஒரு லட்சம் வரிகளைச் சேர்ப்பது ஒரு மணி நேரக் கணினி வேலை. அவற்றில் எது உண்மை என்று பிரிப்பதுதான் ஆண்டுகளைத் தின்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இன்றைய காலத்துக்குரியது. 2021-இல் வெளியான ஆல்ஃபாஃபோல்ட்-2 என்ற கணினிக் கருவி புரதத்தின் வடிவத்தையே எழுத்து வரிசையிலிருந்து கணித்துவிடுகிறது. 2024-இல் அதற்கு வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. இடம்தான் முக்கியம் என்றால், இடத்தையே கணினி சொல்லிவிடும்போது கட்டுரை படித்துக் குறிப்பெடுக்கும் ஆட்கள் எதற்கு? இதில் பாதி நியாயம் உண்டு. குறுந்தொடர் எதன்மேல் எப்படி ஒட்டுகிறது என்பதை இந்தக் கருவிகள் பல சமயம் நன்றாகவே கணிக்கின்றன. ஆனால் குறுந்தொடர்கள் பெரும்பாலும் வாழ்வது, நிலையான வடிவமே இல்லாமல் தொங்கி ஆடும் பகுதிகளில்; அந்தப் பகுதிகளில் எனக்கு நிச்சயமில்லை என்று கருவியே குறைந்த மதிப்பெண் போட்டுக்கொள்கிறது. ஒட்ட முடியும் என்பதும், செல்லுக்குள் அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, கணிப்பு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல விடை தெரிந்த கேள்வித்தாள் வேண்டும். அந்த விடைத்தாள் மனிதர்கள் தொகுத்த பதிவுகளிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. படிக்கிற ஆட்களை நிறுத்திவிட்டால் கருவி தன் விடையைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவன் ஆகிவிடும்.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது: தொகுப்பில் சாய்வு இருக்கிறது. மனிதன், எலி, ஈஸ்ட், புற்றுநோய், வைரஸ் என்று பணம் போன பக்கமே சாட்சியமும் குவிந்திருக்கிறது. நம் ஆட்டுத்தோலையும் எருமைத்தோலையும் பற்றி யார் எழுதினார்கள்? இதை மறுக்க முடியாது. ஆனால் சாட்சியத்தோடு உள்ள தொகுப்பில்தான் சாய்வு கண்ணுக்குத் தெரியும். எந்த வரி எந்த உயிரினத்தில் பார்த்தது என்று எழுதியிருப்பதால்தான் எது விடுபட்டது என்று எண்ணிச் சொல்ல முடிகிறது. பாலாற்றங்கரை டேனரிகளுக்கு அது தூரத்துச் செய்தியும் இல்லை. முடி நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்ஃபைடு கழிவுநீரை நாறடிக்கிறது. அதற்குப் பதிலாக நொதி போட்டு முடி எடுக்கும் வழிகளை அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையம் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறது. நொதி முடிவேரைச் சுற்றியுள்ள புரதத்தை அரிக்க வேண்டும், கொலாஜனைத் தொடக்கூடாது. தொட்டால் தோலின் மேற்பரப்பு கெட்டுவிடும். டேனரிகளில் சுண்ணாம்பு போன பிறகு தோலை மிருதுவாக்க ட்ரிப்சின் கலந்த நொதியைப் போடுவது நூறாண்டு வழக்கம். ட்ரிப்சின் வெட்டுவது லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பிறகு. கொலாஜனில் இரண்டும் ஏராளம். எழுத்துப் பட்டியலை நம்பினால் தோல் டிரம்முக்குள்ளேயே கூழாக வேண்டும். ஆகவில்லை, முறுக்கு ட்ரிப்சினை உள்ளே விடுவதில்லை. அதே தோலைக் கொதிக்கவைத்துப் போட்டால் ட்ரிப்சின் தின்றுவிடும். கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் கொலாஜனேஸோ முறுக்கு இருக்கும்போதே கிளைசினுக்கு முன்னால் வெட்டும். அதன் சாயல் சிறிது கலந்த நொதி வந்தாலும் ஒரு லாட் தோல் வீண்.

இந்த வேலைக்கு யார் கூலி கொடுப்பது? 1996-இல் பேரோக்கின் மற்றொரு தொகுப்பான ஸ்விஸ்-புராட் என்ற புரதத் தரவுத்தளம் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. உலகெங்கும் விஞ்ஞானிகள் குரல் கொடுத்த பிறகு, 1998-இல் ஸ்விஸ் உயிர்த்தகவலியல் நிலையம் உருவாகி அதைத் தாங்கியது. நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. அகிலேஷ் பாண்டேயின் முன்முயற்சியில் பெங்களூரின் உயிர்த்தகவலியல் நிலையத்து இளம் ஆய்வாளர்கள் கட்டுரை கட்டுரையாகப் படித்து மனிதப் புரதக் குறிப்புத்தளத்தை 2003-இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் 2007-இல் வந்த பாஸ்போ மோட்டிஃப் ஃபைண்டர். புரதத்தில் பாஸ்பேட் ஏறும் இடங்களின் குறுந்தொடர்கள் முந்நூறுக்கு மேல், எல்லாம் அச்சில் வந்த சோதனைகளிலிருந்து கையால் பொறுக்கியவை. உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்தியது. ஆனால் தாய்த்தளத்தின் ஒன்பதாவது வெளியீடு 2010-இல் வந்ததோடு அந்த ஓட்டம் நின்றது. 2022-இல் ஃபரிதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்திருக்கிறது; தரவைப் போட்டுவைக்கக் கிடங்கு கிடைத்துவிட்டது. கிடங்கில் வந்து விழுவதைப் படித்து, இது உறுதி, இது போலி, இது இங்கே வேலை செய்யாது என்று முத்திரை போடும் ஆட்களுக்கு இன்னும் நிலையான பதவி இல்லை. ஆய்வுப் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் அந்த வேலை கணக்கில் வருவது அபூர்வம். நாளை அடையாற்றிலிருந்து சல்ஃபைடு இல்லாமல் முடி எடுக்கும் புது நொதி ஒன்று ராணிப்பேட்டைக்கு வரும்போது, டேனரிக்காரர் முதலில் கேட்கப்போவது அது எதை வெட்டும் என்று அல்ல. முறுக்கு குலையாத ஆட்டுத்தோல் கொலாஜனில் எதை வெட்டாது என்றுதான். அந்தப் பதில் இருக்க வேண்டிய வரியை யாராவது படித்து, சோதித்து, இல்லை என்ற முத்திரையோடு எழுதிவைத்திருக்க வேண்டும்.